நெருங்கிய உறவுள்ள குடல் பாக்டீரியாக்களை மரபணு சீக்வென்ஸால் பிரித்தறிவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மெக்காங்கி அகார் தட்டில் நிறமில்லாத சிறு காலனிகள். அதில் ஒன்றை எடுத்து, 16எஸ் மரபணுவைப் பெருக்கி, சீக்வென்ஸ் செய்யக் கொடுத்து, வந்த எழுத்துகளை பிளாஸ்டில், அதாவது சீக்வென்ஸைத் தரவுத்தளத்தோடு ஒப்பிடும் தேடல் கருவியில், போட்டுப் பார்க்கிறீர்கள். முதல் வரியில் ஷிகெல்லா ஃப்ளெக்ஸ்னரி, 99.8 சதவீதம். அடுத்த வரியில் எஷ்சரிச்சியா கோலை, அதே 99.8. கீழே போகப் போக இந்த இரண்டு பெயர்களும்தான் மாறி மாறி வருகின்றன.

முதல் வரியில் இருந்த பெயரையே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன், ஆரம்ப காலத்தில். மூன்று மாதம் கழித்து அந்தத் திரிபை (ஒரே காலனியிலிருந்து வளர்த்த ஸ்ட்ரெய்னை) நுண்ணோக்கியில் பார்த்தபோது துறுதுறுவென்று நீந்திக்கொண்டிருந்தது. ஷிகெல்லா நீந்தாது. அந்தப் பெயரை நம்பி அதன்மேல் செய்த வேலை எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று.

தவறு இயந்திரத்தில் இல்லை, சீக்வென்ஸிலும் இல்லை. 16எஸ் பதில் சொல்ல முடியாத கேள்வியை அதனிடம் கேட்டதுதான் தவறு. எந்தக் கேள்விக்கு எந்த மரபணு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிசிஆர் செய்யத் தெரிந்த, ஆனால் சீக்வென்ஸை வைத்துப் பெயர் சொல்லிப் பழகாத ஒருவருக்காக இதை எழுதுகிறேன்.

16எஸ் எதுவரை வரும்?

16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு சுமார் 1,500 எழுத்து நீளம். ரைபோசோமின் சிறிய துணையலகில் வேலை செய்யும் ஆர்என்ஏவுக்கான மரபணு இது. எல்லா பாக்டீரியாவிலும் இருக்கிறது, மிக மெதுவாக மாறுகிறது. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்க் கூட்டத்தை பாக்டீரியாவிலிருந்து தனி வம்சமாகப் பிரித்துக் காட்டியது இந்த மூலக்கூறை வைத்துத்தான். அவ்வளவு பழைய பிரிவுகளைக் காட்ட முடிவது அது மெதுவாக மாறுவதால்தான். நேற்றுப் பிரிந்த உறவுகளைக் காட்ட முடியாததற்கும் அதே மெதுவான மாற்றம்தான் காரணம்.

எண்களின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1987-இல் ஒரு சிற்றினத்தின் எல்லை டிஎன்ஏ–டிஎன்ஏ கலப்பில் (இரண்டு பாக்டீரியாக்களின் டிஎன்ஏ இழைகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒட்டுகின்றன என்ற சோதனையில்) 70 சதவீதம் என்று வகுத்தார்கள். 1994-இல் 16எஸ் ஒற்றுமை 97 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த 70-ஐ எட்டவே முடியாது என்று காட்டினார்கள். 2006-இல் இன்னும் நிறைய தரவைப் பார்த்துவிட்டு அந்த எல்லையை 98.7 முதல் 99 வரை உயர்த்தினார்கள். 1,500 எழுத்தில் 98.7 சதவீதம் என்றால் சுமார் 20 எழுத்து வித்தியாசம்.

இந்த விதி ஒரே திசையில் மட்டும்தான் வேலை செய்யும். 98.7-க்குக் கீழே இருந்தால் வேறு சிற்றினம் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். மேலே இருந்தால் ஒரே சிற்றினம் என்று சொல்ல முடியாது. "99.5 வந்திருக்கிறது, அதனால் இது அதுதான்" என்று எழுதுகிற இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

குடலில் இந்தச் சிக்கல் அதிகம். ஈ.கோலையும் ஷிகெல்லாவும், லாக்டோபேசில்லஸ் கேசியும் பாராகேசியும் ராம்னோசஸும், பிளான்டாரமும் பென்டோசஸும், பிஃபிடோபாக்டீரியம் லாங்கத்தின் துணைச் சிற்றினங்களும், கிளெப்சியெல்லா நிமோனியேவும் வேரிகோலாவும் என எல்லாக் கூட்டத்திலும் 16எஸ் 99 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ ஒத்துப்போகும். முழு 1,500 எழுத்துக்கே இந்த நிலை. குடல் நுண்ணுயிர் ஆய்வுகளில் அதிகம் சீக்வென்ஸ் செய்யப்படும் வி4 பகுதி சுமார் 250 எழுத்துதான். அதில் ஒரு சதவீதம் என்பது இரண்டரை எழுத்து. அதை வைத்துச் சிற்றினப் பெயர் சொல்வது பெரும்பாலும் ஊகம்தான்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

எந்தப் பேரினம் என்பதா கேள்வி? 16எஸ் போதும். எந்தச் சிற்றினம்? புரதம் உண்டாக்கும் மரபணு ஒன்றிரண்டு வேண்டும். எந்தத் துணைச் சிற்றினம் அல்லது எந்த வம்சக் கிளை? ஐந்தாறு மரபணுக்கள் வேண்டும். இரண்டு நோயாளிகளிடம் கிடைத்தது ஒரே திரிபுதானா? முழு ஜீனோம் இல்லாமல் அந்தப் பேச்சே வேண்டாம். நோய் உண்டாக்குமா என்பது முற்றிலும் தனிக் கேள்வி. அதற்கு உறவைக் காட்டும் மரபணு உதவாது, நோயை உண்டாக்கும் மரபணு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். இவற்றில் எது உங்கள் கேள்வி என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட்டுத்தான் பிரைமர் ஆர்டர் செய்ய வேண்டும்.

படி 2: மரபணுவைத் தேர்ந்தெடுப்பது

புரதம் உண்டாக்கும் மரபணு ஏன் அதிகம் பிரித்துக் காட்டுகிறது? மூன்று எழுத்து சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கிறது. மூன்றாவது எழுத்து மாறினாலும் பெரும்பாலும் அமினோ அமிலம் மாறுவதில்லை. புரதத்துக்குப் பாதகம் இல்லாததால் அந்த மூன்றாவது இடங்களில் மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. 16எஸ் ஒரே எழுத்துகூட மாறாமல் நிற்கும் காலத்தில் இந்த மரபணுக்களில் பத்து இருபது மாறியிருக்கும்.

நல்ல அடையாள மரபணுவுக்கு நான்கு குணங்கள் பார்ப்பேன். கூட்டத்தில் எல்லோரிடமும் இருக்க வேண்டும். ஜீனோமில் ஒரே பிரதியாக இருக்க வேண்டும். ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பழக்கம் இருக்கக் கூடாது. நடுவில் மாறுதல் நிறைய இருந்தாலும் பிரைமர் உட்கார இரண்டு பக்கமும் மாறாத பகுதி வேண்டும்.

அதிகம் பயன்படுவது ஜைர்பி. டிஎன்ஏவின் முறுக்கைக் கட்டுப்படுத்தும் ஜைரேஸ் நொதியின் பி துணையலகுக்கான மரபணு. ஈ.கோலையில் சுமார் 2,400 எழுத்து. அடுத்தது ஆர்பிஓ-பி, ஆர்என்ஏ பாலிமரேஸின் பீட்டா துணையலகு, சுமார் 4,000 எழுத்து. இவை தவிர ரெக்-ஏ, ஏடிபி-டி, இன்ஃப்-பி, பிஎச்இ-எஸ், டஃப், எச்எஸ்பி60.

எந்தக் கூட்டத்துக்கு எது? என்டெரோபாக்டீரியா குடும்பத்துக்கு ஜைர்பி, ஆர்பிஓ-பி, ஏடிபி-டி, இன்ஃப்-பி நான்கும் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன. என்டெரோகாக்கஸுக்கு பிஎச்இ-எஸ், ஆர்பிஓ-ஏ. பிஃபிடோபாக்டீரியத்துக்கு எச்எஸ்பி60. லாக்டோபேசில்லஸ் கேசி கூட்டத்துக்கு ரெக்-ஏ, டஃப், பிஎச்இ-எஸ். பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸுக்குள்ளே இருக்கும் இரண்டு பிரிவுகளைப் பிரிக்க சிஎஃப்ஐ-ஏ. கார்பபெனிம் மருந்தைச் செயலிழக்கச் செய்யும் நொதிக்கான மரபணு அது, இரண்டாம் பிரிவில் மட்டும் இருக்கிறது.

டஃப் மரபணுவில் ஓர் எச்சரிக்கை. ஈ.கோலையில் அது இரண்டு பிரதியாக இருக்கிறது. ஒரே பிரதி வேண்டும் என்று நான் சொன்ன குணம் இங்கே அடிபடுகிறது. லாக்டோபேசில்லஸில் நன்றாக வேலை செய்ததே என்று அதை ஈ.கோலைக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

பிரைமர் வாங்குவதற்கு முன் மரபணுவைக் கணினியிலேயே சோதித்துவிடுங்கள். நீங்கள் பிரிக்க நினைக்கும் ஒவ்வொரு சிற்றினத்துக்கும் ஐந்தாறு ஜீனோம்களிலிருந்து அந்த மரபணுவை எடுங்கள். ஒரே சிற்றினத்துக்குள் உள்ள மிகப் பெரிய வித்தியாசம் எவ்வளவு, இரண்டு சிற்றினங்களுக்கு இடையில் உள்ள மிகச் சிறிய வித்தியாசம் எவ்வளவு என்று கணக்கிடுங்கள். முதல் எண் 1.5 சதவீதம், இரண்டாவது 6 சதவீதம் என்றால் நடுவில் நல்ல இடைவெளி இருக்கிறது, அந்த மரபணுவை நம்பலாம். முதலாவது 3, இரண்டாவது 2 என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் விட்டுவிடுங்கள். அரை நாள் வேலைதான்.

படி 3: தூய வளர்ப்பும் டிஎன்ஏவும்

ஒற்றைக் காலனியை எடுத்து, புதுத் தட்டில் இழுத்து வளர்த்து, அதிலிருந்து மறுபடி ஒற்றைக் காலனி. இதைக் குறைந்தது இரண்டு தடவை செய்யுங்கள். குடல் மாதிரியில் ஈ.கோலை காலனிக்கு அடியில் கிளெப்சியெல்லா ஒளிந்திருப்பது சாதாரணம். டிஎன்ஏ எடுக்க கடையில் கிடைக்கும் கிட் போதும். காலனியை நீரில் கொதிக்க வைத்து நேரடியாக பிசிஆரில் போடும் முறை கிராம் நெகட்டிவ்களுக்கு ஒத்துவரும். லாக்டோபேசில்லஸ், என்டெரோகாக்கஸ் போன்ற தடித்த சுவர்க்காரர்களுக்கு முதலில் லைசோசைம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மணிகளோடு குலுக்கி உடைக்க வேண்டும். எடுத்த டிஎன்ஏவில் கொஞ்சத்தைப் பத்திரப்படுத்துங்கள், அதே காலனியையும் கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள்.

படி 4: பிசிஆர்

16எஸ்ஸுக்கு வழக்கமான பிரைமர்கள் 27எஃப், 1492ஆர். 95 டிகிரியில் 5 நிமிடம், அப்புறம் 95-இல் 30 விநாடி, 55-இல் 30 விநாடி, 72-இல் 90 விநாடி என்று 30 சுற்று, கடைசியில் 72-இல் 7 நிமிடம். ஜெல்லில் 1,500-க்குக் கொஞ்சம் கீழே ஒரே பட்டை வர வேண்டும்.

27எஃப் பிரைமரின் வழக்கமான வடிவம் பிஃபிடோபாக்டீரியத்தின் சீக்வென்ஸோடு சரியாகப் பொருந்தாது. தூய வளர்ப்பில் எப்படியாவது பட்டை வந்துவிடலாம். கலவையான மாதிரியில் பிஃபிடோபாக்டீரியம் இல்லவே இல்லை என்பது போலத் தெரியும். பச்சைக் குழந்தையின் குடலை ஆராய்கிறவர்கள் இதைக் கவனிக்காவிட்டால் முக்கியமான ஆளையே தவறவிடுவார்கள்.

இன்னொன்று, குடல் பாக்டீரியாக்காரர்களை மட்டும் அதிகம் வாட்டுவது. டாக் பாலிமரேஸை ஈ.கோலைக்குள் வைத்துத்தான் பெரும்பாலும் தயாரிக்கிறார்கள். அதனால் அந்த நொதியிலேயே ஈ.கோலை டிஎன்ஏ துளி மிச்சம் இருக்கலாம். டிஎன்ஏ போடாத கட்டுப்பாட்டுக் குழாயில் மங்கலாக ஒரு 16எஸ் பட்டை வந்தால், அதையும் வெட்டி எடுத்து சீக்வென்ஸ் செய்து பாருங்கள். ஈ.கோலை வந்தால் உங்கள் மற்றக் குழாய்களில் வந்த ஈ.கோலையும் சந்தேகத்துக்குரியதே. சுற்றுகளைக் குறைத்து, டிஎன்ஏ எச்சம் நீக்கப்பட்ட நொதி வாங்கி மறுபடி செய்யுங்கள். கட்டுப்பாட்டுக் குழாய் இல்லாத பிசிஆரை நான் எண்ணிக்கையில் சேர்ப்பதே இல்லை.

ஜைர்பிக்குப் பொதுப் பிரைமர்கள் உண்டு, அவற்றில் சில இடங்களில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று எழுத்து கலந்திருக்கும். இவை சில சமயம் பார்-இ என்ற மரபணுவையும் பிடித்துவிடும். பார்-இ ஜைர்பிக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, வடிவம் அவ்வளவு ஒத்திருக்கும். ஒருவரின் ஜைர்பியையும் இன்னொருவரின் பார்-இயையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எக்கச்சக்கமாக வரும், புதுச் சிற்றினம் கண்டுபிடித்ததாகவே தோன்றும். உங்கள் கூட்டத்துக்கென்றே வடிவமைத்த பிரைமர் கிடைத்தால் அதையே எடுங்கள்.

படி 5: குரோமட்டோகிராமைக் கண்ணால் பாருங்கள்

எழுத்துக் கோப்பை மட்டும் திறந்து வேலை செய்வது பெரிய ஆபத்து. நான்கு நிறச் சிகரங்கள் உள்ள மூலக் கோப்பைத் திறந்து பாருங்கள். முதல் 30 முதல் 50 எழுத்துகள் குழம்பி இருக்கும், வெட்டிவிடலாம். அப்புறம் 700, 800 எழுத்து வரை சிகரங்கள் தனித்தனியாக நிற்கும், அதற்கு மேல் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று படியும். தர எண் 20 என்றால் நூறில் ஒன்று தவறு, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. மூன்று எழுத்து வித்தியாசத்தை வைத்து இரண்டு சிற்றினங்களைப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் 20 போதவே போதாது.

முன்னிருந்து ஒன்று, பின்னிருந்து ஒன்று என இரண்டு பக்கமும் படித்துச் சேர்ப்பது கட்டாயம். 16எஸ்ஸுக்கு ஒரு நுணுக்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் 800 எழுத்து கிடைத்தால் நடுவில் நூற்றுச் சொச்சம் எழுத்துதான் ஒன்றன்மேல் ஒன்று வரும். அதுவும் இரண்டின் தரம் குறைந்த வால் பகுதி. நடுவில் மூன்றாவது ஒரு பிரைமர் போட்டுப் படித்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

சரி, ஓர் இடத்தை நெருங்கிப் பார்ப்போம். வரிசை சுத்தமாகப் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென்று ஓர் இடத்தில் பச்சைச் சிகரத்துக்கு அடியில் பாதி உயரத்துக்கு நீலச் சிகரம். மென்பொருள் பச்சையைப் பார்த்து ஏ என்று எழுதிவிட்டது. முன்பக்கத்திலிருந்து படித்தாலும் பின்பக்கத்திலிருந்து படித்தாலும் அதே இடத்தில் அதே இரட்டைச் சிகரம். இது கறையோ இயந்திரக் கோளாறோ இல்லை. ஈ.கோலையில் 16எஸ் மரபணு ஏழு பிரதி இருக்கிறது. ஏழும் அச்சு அசலாக ஒன்றல்ல. சிலவற்றில் ஏ, சிலவற்றில் சி. பிசிஆர் ஏழையும் சேர்த்துப் பெருக்கியதால் இரண்டும் ஒரே இடத்தில் தெரிகின்றன. அங்கே ஏ என்றோ சி என்றோ எழுதாமல், இரண்டையும் குறிக்கும் எம் என்ற குறியீட்டைப் போடுங்கள்.

ஒரு பிரதியில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தால் காட்சியே வேறு. அந்த இடம் வரை கண்ணாடி மாதிரி தெளிவு, அதற்கு அப்புறம் கடைசி வரை எல்லாமே இரட்டை. ஒரு பிரதி ஓர் அடி தள்ளி நடப்பதால் வரும் குழப்பம் அது. மாதிரியில் இரண்டு பாக்டீரியா கலந்திருக்கிறதோ என்று பயப்படத் தோன்றும். எதிர்ப்பக்கப் படிப்பைப் பாருங்கள். அது பின்னாலிருந்து தெளிவாக வந்து அதே இடத்தில் குழம்ப ஆரம்பித்தால் பிரதி வித்தியாசம்தான். கலப்பு என்றால் பெரும்பாலும் நீளம் முழுக்க ஆங்காங்கே இரட்டைச் சிகரம் சிதறிக் கிடக்கும். ஒரே பிரதியாக உள்ள ஜைர்பியில் இரட்டைச் சிகரம் வந்தால் யோசிக்கவே வேண்டாம், படி 3-க்குத் திரும்பிப் போங்கள்.

புரத மரபணுக்களில் கூடுதலாக ஒரு சோதனை கிடைக்கிறது. சீக்வென்ஸைப் புரதமாக மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் எங்கோ ஓர் எழுத்தைக் கூட்டியோ குறைத்தோ படித்திருக்கிறீர்கள்.

படி 6: பிளாஸ்டை எப்படிப் படிப்பது

ஒற்றுமைச் சதவீதத்தை மட்டும் பார்க்காதீர்கள். உங்கள் சீக்வென்ஸில் எத்தனை சதவீத நீளம் பொருந்தியது என்ற கவரேஜைச் சேர்த்துப் பாருங்கள். 60 சதவீத நீளத்தில் 100 சதவீத ஒற்றுமை என்பதற்குப் பொருளே இல்லை.

பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் தங்கள் திரிபுக்குத் தாங்கள் நம்பிய பெயரைப் போட்டுப் பதியலாம். நான் அன்று ஷிகெல்லா என்று எழுதியதைப் பதிந்திருந்தால் அதுவும் அங்கே கிடந்து இன்னொருவரைத் தவறான வழியில் கூட்டிப்போயிருக்கும். அதனால் ஒப்பிட வேண்டியது டைப் ஸ்ட்ரெய்ன் எனப்படும் மூலத் திரிபோடு. ஒரு சிற்றினத்தின் பெயர் எந்தத் திரிபோடு கட்டப்பட்டிருக்கிறதோ அதுதான் மூலத் திரிபு. பிளாஸ்டில் மூலத் திரிபுகளை மட்டும் தேடும் வடிகட்டி இருக்கிறது. 16எஸ்ஸுக்கு ஈஇசட்பயோகிளவுட் என்ற இணையத் தளம் மூலத் திரிபுகளை வைத்தே பெயர் சொல்கிறது. ஈ.கோலை என்றதும் எல்லோரும் கே-12-ஐ எடுக்கிறார்கள். 1997-இல் முழு ஜீனோமும் வெளியான புகழ்பெற்ற திரிபுதான், ஆனால் மூலத் திரிபு அது இல்லை. ஏடிசிசி 11775 தான் மூலத் திரிபு.

பெயர்கள் மாறுவதையும் கவனியுங்கள். 2020-இல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். கேசி கூட்டம் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ், பிளான்டாரம் லாக்டிபிளான்டிபேசில்லஸ். பட்டியலில் இரண்டு பெயர் வந்தால் இரண்டு உயிர் என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 7: அலைன்மென்ட், மரம்

எல்லா மூலத் திரிபுகளின் சீக்வென்ஸையும் உங்களுடையதையும் ஒரே ஃபாஸ்டா கோப்பில் வையுங்கள். மாஃப்ட் அல்லது மசில் என்ற மென்பொருளைக் கொண்டு, ஒத்த இடங்கள் ஒன்றன்கீழ் ஒன்று வரும்படி வரிசைப்படுத்துங்கள். புரத மரபணு என்றால் முதலில் புரதமாக வரிசைப்படுத்தி, அதன்மேல் டிஎன்ஏவை அமர்த்துங்கள். அப்போதுதான் இடைவெளிகள் மூன்றின் மடங்காக விழும். எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டிவிடுங்கள்.

உறவு மரம் வரையும் மென்பொருள்களில் மெகா எளிது, ஐக்யூ-ட்ரீ வேகம். பொருத்தமான மாற்ற மாதிரியை இரண்டும் தாமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். பூட்ஸ்ட்ராப் 1,000. தரவை மாற்றி மாற்றி எடுத்து மரத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, ஒரு கிளை நூற்றுக்கு எத்தனை தடவை வருகிறது என்று பார்க்கும் சோதனை இது. சாதாரண பூட்ஸ்ட்ராப்பில் 70-க்குக் கீழே உள்ள கிளையை வைத்து எதையும் சொல்லாதீர்கள். ஐக்யூ-ட்ரீயின் அதிவேக பூட்ஸ்ட்ராப் என்றால் எல்லை 95. வெளிக்கிளையாக உறவு இருந்தாலும் கூட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஈ.கோலைத் திரிபுகளுக்கு எஷ்சரிச்சியா ஃபெர்குசோனி பொருத்தம்.

அடுத்ததை அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நான்கு மரபணுக்களையும் ஒட்டி ஒரே நீளச் சீக்வென்ஸாக்கி மரம் வரைவதற்கு முன், நான்குக்கும் தனித்தனி மரம் வரையுங்கள். மூன்று மரங்களில் உங்கள் திரிபு கேசியோடு நிற்கிறது, நான்காவதில் ராம்னோசஸோடு நிற்கிறது என்றால் அந்த நான்காவது மரபணு அக்கம்பக்கத்திலிருந்து வந்திருக்கலாம். பாக்டீரியாக்கள் டிஎன்ஏத் துண்டுகளைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் அந்த முரண்பாடு கண்ணிலிருந்து மறைந்துபோகும். ஒற்றை மரபணுவை நம்பி நான் பெயர் சொல்லாததற்குக் காரணம் இதுதான்.

ஈ.கோலையும் ஷிகெல்லாவும்: ஒரு முழு எடுத்துக்காட்டு

ஆரம்பத்தில் பார்த்த நிறமில்லாத காலனிக்கு வருவோம். 16எஸ் கைவிட்டது. ஜைர்பியைச் சீக்வென்ஸ் செய்கிறீர்கள். மரத்தில் ஷிகெல்லா எல்லாம் ஒரு பக்கம், ஈ.கோலை எல்லாம் ஒரு பக்கம் என்று நிற்கும் என எதிர்பார்ப்பீர்கள். நிற்காது. ஷிகெல்லாக்கள் ஈ.கோலைக் கிளைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக விழும். இரண்டு மூன்று மரபணு சேர்த்தாலும் அப்படித்தான்.

உங்கள் வேலையில் தவறில்லை. 1897-இல் கியோஷி ஷிகா வயிற்றுக்கடுப்புக் கிருமியைக் கண்டபோது, 1885-இல் தியோடர் எஷெரிக் விவரித்த குடல்வாசியோடு அதற்கு உறவு இருக்கும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. ஒன்று கொடிய நோய், மற்றது சாதுவான குடித்தனக்காரர். பெயர்கள் தனித்தனியாகவே நிலைத்துவிட்டன. பின்னாளில் டிஎன்ஏவைப் பார்த்தபோதுதான் ஷிகெல்லா என்பது ஈ.கோலைக்குள்ளிருந்து பல தடவை, தனித்தனியாகத் தோன்றிய திரிபுகளுக்கு வைத்த பொதுப் பெயர் என்று தெரிந்தது. வம்ச மரம் வேறு, மருத்துவப் பெயர் வேறு. ஷிகெல்லா என்று சொல்ல உறவைக் காட்டும் மரபணு உதவாது, நோயைக் காட்டும் மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் முதலாவது ஐபிஏ-எச். குடல் செல்லுக்குள் நுழையும் கிருமிகளிடம் இருப்பது. இது படையெடுப்புப் பிளாஸ்மிடிலும் (செல்லுக்குள் நுழைய உதவும் மரபணுக்களைச் சுமக்கும், குரோமோசோமுக்கு வெளியே உள்ள டிஎன்ஏ வளையத்திலும்) இருக்கிறது, குரோமோசோமிலும் பல பிரதிகளாக இருக்கிறது. ஆய்வகத்தில் திரும்பத் திரும்ப வளர்த்தால் பிளாஸ்மிட் தொலைந்துபோகலாம், குரோமோசோமில் உள்ளது போகாது. அதனால்தான் பிளாஸ்மிடில் மட்டும் இருக்கும் மரபணுக்களைவிட இதை நம்பலாம். ஐபிஏ-எச் இல்லை என்றால் ஷிகெல்லா இல்லை. இருந்தால்? இன்னும் முடியவில்லை. குடல் செல்லுக்குள் நுழையும் ஈ.கோலை வகை ஒன்று உண்டு, அதனிடமும் இது இருக்கிறது. அங்கே லாக்-ஒய் கைகொடுக்கும். லாக்டோஸைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதத்தின் மரபணு. ஷிகெல்லாவில் இல்லை, ஈ.கோலையில் இருக்கிறது, நுழையும் வகையிலும் சேர்த்து. ஆக, ஐபிஏ-எச் உண்டு, லாக்-ஒய் இல்லை என்றால் ஷிகெல்லா. இரண்டும் உண்டு என்றால் நுழையும் ஈ.கோலை. ஐபிஏ-எச் இல்லை, லாக்-ஒய் உண்டு என்றால் மற்ற ஈ.கோலை. என் நீந்தும் திரிபு இந்தக் கடைசி வகையில்தான் வந்தது.

ஒரே பட்டையில் ஏமாறும் இன்னோர் இடம் எஷ்சரிச்சியா ஆல்பர்டி. இதனிடம் இஏஇ மரபணு இருப்பதால், குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நோய் தரும் ஈ.கோலை என்றே பல காலம் கணக்கில் சேர்த்துவந்தார்கள். அது தனிச் சிற்றினம் என்று 2003-இல்தான் பெயர் சூட்டினார்கள். இஏஇ வந்தால் ஒரு ஜைர்பியோ ஆர்பிஓ-பியோ சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஆல்பர்டி மரத்தில் தெளிவாகத் தள்ளி நிற்கும்.

நல்ல பாக்டீரியாக்களின் பக்கம்

பிளான்டாரம், பென்டோசஸ், பாராபிளான்டாரம் மூன்றையும் பிரிக்க சீக்வென்ஸ்கூட வேண்டாம். ரெக்-ஏ மரபணுவில் உள்ள வித்தியாசங்களை வைத்து வடிவமைத்த ஒரே பிசிஆரில் பிளான்டாரத்துக்கு 318, பென்டோசஸுக்கு 218, பாராபிளான்டாரத்துக்கு 107 எழுத்து நீளப் பட்டை வரும். ஜெல்லைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் விஷயம் இன்னும் முக்கியம். இன்ஃபான்டிஸ் என்ற துணைச் சிற்றினம் தாய்ப்பாலில் உள்ள சிக்கலான சர்க்கரைகளை உடைத்துச் சாப்பிடக்கூடியது. அதற்கான மரபணுக்கள் ஒரே கொத்தாக ஜீனோமில் இருக்கின்றன. லாங்கம் துணைச் சிற்றினத்தில் அந்தக் கொத்து இல்லை. 16எஸ் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். எச்எஸ்பி60 பிரித்துக் காட்டும், அந்தக் கொத்தில் உள்ள மரபணு ஒன்றை பிசிஆரில் தேடினால் உறுதியாகிவிடும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வில் பிஃபிடோபாக்டீரியம் இருப்பதாகச் சொல்லும் 16 புரோபயாடிக் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். லேபிளோடு முழுமையாக ஒத்துப்போனது ஒன்றே ஒன்று. குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கும் பொட்டலத்தில் எது இருக்கிறது என்பது பெயர்ப்பட்டியல் பிரச்சினை மட்டும் இல்லை.

எப்போது முழு ஜீனோமுக்குப் போவது?

மரபணுக்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால், புதுச் சிற்றினம் என்று சந்தேகம் வந்தால், திரிபு அளவில் பதில் வேண்டும் என்றால் ஜீனோம்தான் வழி. படிப்பு ஆழம், அதாவது ஒவ்வோர் எழுத்தும் சராசரியாக எத்தனை தடவை படிக்கப்பட்டது என்பது, குறைந்தது 50 மடங்கு இருக்கட்டும். ஸ்பேட்ஸ் என்ற மென்பொருள் கொண்டு துண்டுகளைச் சேர்த்த பின், செக்எம் என்ற மென்பொருள் கொண்டு முழுமை எவ்வளவு, கலப்படம் எவ்வளவு என்று பாருங்கள். ஜீனோமிலிருந்து எடுத்த 16எஸ்ஸும் முன்பு தனியாகச் செய்த 16எஸ்ஸும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் குழாய் மாறியிருக்கிறது.

அப்புறம் ஏஎன்ஐ, அதாவது இரண்டு ஜீனோம்களுக்குப் பொதுவான பகுதிகளின் சராசரி ஒற்றுமை. ஃபாஸ்ட்-ஏஎன்ஐ என்ற மென்பொருள் சில விநாடிகளில் சொல்லிவிடும். 95–96 சதவீதம் என்பது சிற்றின எல்லை, பழைய 70 சதவீதக் கலப்பு எல்லைக்கு ஈடானது. ஃபெர்குசோனியும் ஆல்பர்டியும் ஈ.கோலையோடு ஒப்பிட்டால் 95-க்குக் கீழே விழும். ஷிகெல்லா மேலே நிற்கும்.

திரிபு அளவுக்கு எம்எல்எஸ்டி, அதாவது சில மரபணுக்களின் சீக்வென்ஸை எண்களாக்கி வகை பிரிக்கும் முறை. ஈ.கோலைக்குப் பரவலான முறையில் ஏழு மரபணுக்கள்: ஏடிகே, ஃபம்-சி, ஜைர்பி, ஐசிடி, எம்டிஎச், பியூர்-ஏ, ரெக்-ஏ. ஓர் எழுத்து மாறினாலும் புது எண். ஏழு எண்களும் சேர்ந்து ஒரு வகை. இன்னும் நுட்பமாக வேண்டும் என்றால் என்டெரோபேஸ் தளத்தில் 2,513 மரபணுக்களை ஒப்பிடும் முறை இருக்கிறது. நோய்ப்பரவலை ஆராய்கிறவர்கள் ஏழு மரபணுவோடு நிறுத்தக் கூடாது. தொடர்பே இல்லாத இரண்டு நோயாளிகளிடமும் ஒரே எம்எல்எஸ்டி வகை இருப்பது சாதாரணம்.

வளர்க்காமல் மலத்திலிருந்தே டிஎன்ஏ எடுத்துப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வி4 மட்டும் செய்திருந்தால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழு 16எஸ்ஸை நீளமாகப் படிக்கும் இயந்திரத்தில் செய்தால் பல இடங்களில் சிற்றினம் வரை போகலாம். அதற்கும் கீழே போக மொத்த டிஎன்ஏவையும் படித்து, மெட்டாஃப்ளான், ஸ்ட்ரெய்ன்ஃப்ளான் போன்ற கருவிகளால் அடையாள மரபணுக்களைத் தேட வேண்டும்.

முடிவை எழுதுவது

எந்த மரபணு, எத்தனை எழுத்து, எந்த மூலத் திரிபோடு, எவ்வளவு ஒற்றுமை, மரத்தில் எந்தக் கிளை, பூட்ஸ்ட்ராப் எவ்வளவு. இத்தனையும் இல்லாமல் வெறும் பெயரை எழுதாதீர்கள். 16எஸ் மட்டும் செய்திருந்தால் "ஈ.கோலை–ஷிகெல்லா கூட்டம்" என்றே எழுதுங்கள், அது முழுமையான, சரியான பதில். என் பழைய குறிப்பேட்டில் ஷிகெல்லா என்று எழுதிய வரியை அடித்துவிட்டு இப்போது இருப்பது இது: "எஷ்சரிச்சியா கோலை. ஜைர்பி, ஆர்பிஓ-பி இரண்டு மரங்களிலும் ஈ.கோலைக் கிளைக்குள். ஐபிஏ-எச் இல்லை, லாக்-ஒய் உண்டு. நீந்துகிறது."